பக்கத்துக் கட்டில் அக்கா

செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில், என் கணவருக்குப் பக்கத்தில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவன் கோவளத்து அக்காவின் மகன். கடற்கரைச் சாலையில் வண்டி மோதி, நினைவு திரும்பாமலே இருந்த கல்லூரிப் பையன். என் கணவர் செய்யூரில் சவுக்குக் கட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்தவர். அக்காவும் நானும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவள் ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி நீட்டுவாள், வாங்கிக்கொள்வேன். மற்ற நேரமெல்லாம் மகனின் காதருகே குனிந்து, "எந்திரிடா கண்ணு, வூட்டுக்குப் போலாம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஒரு காலையில் அவன் மூச்சு நின்றது. டாக்டர் சொல்லிவிட்டு நகர்ந்தார். அக்கா அழவில்லை. முக்காட்டு முனையால் அவன் முகத்தைத் துடைத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அவள் சட்டென்று திரும்பினாள். என் கணவரின் குளுக்கோஸ் பாட்டில் காலியாகி, குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. "நர்சம்மா, இங்க பாட்டில் தீந்துபோச்சு, ரத்தம் ஏறுது, ஓடியாங்க!" என்று சத்தம் போட்டாள். நர்ஸ் வந்து மாற்றும்வரை அவர் கையை அசையவிடாமல் பிடித்திருந்தாள். அதன் பிறகுதான் மகனின் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த வாரம் என் கணவரும் போய்விட்டார். உடலை எடுக்க ஆட்கள் வந்தபோது, எதிர்க்கட்டில் பெரியவர் தண்ணீருக்காகக் கை நீட்டிக்கொண்டிருந்தார். அருகில் யாருமில்லை. வந்தவர்களை நிற்கச் சொல்லிவிட்டு, அவர் தலையைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தேன். "இன்னா பண்ணிகினு கீற நீ?" என்று என் அண்ணன் அதட்டினான். பெரியவர் குடித்து முடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

இப்போது மாமல்லபுரத்தில் ஒரு விடுதியின் லாண்டரியில் வேலை. விடுமுறை நாளை அந்த வார்டில்தான் கழிக்கிறேன். துணைக்கு ஆளில்லாதவர்களுக்குச் சோறு ஊட்டுவேன், தலை வாரிவிடுவேன். ஏன் என்று கேட்பவர்களிடம் அக்காவைப் பற்றிச் சொன்னதில்லை. முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

சென்ற மாதம் விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பார்த்ததும் என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "உன் வூட்டுக்காரரு நல்லா கீறாராம்மா?" என்றாள். இல்லை என்று தலையசைத்தேன். இருவரும் அழுது ஓய்ந்த பிறகு, அந்தக் காலையைப் பற்றிச் சொன்னேன். குழாயில் ஏறிய ரத்தம், அவள் போட்ட சத்தம், எல்லாவற்றையும். அவள் குழம்பிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானா? இல்லம்மா, அது வேற யாராச்சும் இருக்கும். அன்னிக்கி எம்புள்ள மூஞ்சத் தவிர நான் எதையுமே பாக்கல."

அந்தப் பையன் கண்விழித்து நான் பார்த்ததே இல்லை. எப்படிப் பேசுவான் என்று கேட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள்.