லலிதா மேடம் கவனிக்காத மூச்சு

சிஞ்ச்வட்டில் லோக்கல் ரயிலுக்கு நின்றிருந்தபோது கிளினிக்கிலிருந்து போன் வந்தது. லலிதா மேடம் மாரடைப்பில் காலமாகிவிட்டார். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம்.

எங்கள் புனே கிளினிக்கில் அவர் உளவியலாளர். மாத்திரைக்கு அடங்காத மனச்சோர்வுக்கு, தலைமேல் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டும் இயந்திரம் என் பொறுப்பு. மரங்கொத்தி போல் சில நொடி தட்டும், நிற்கும், மறுபடி தட்டும். அந்த நேரம் முழுக்க நோயாளி தன் மூச்சைக் கவனிக்க வேண்டும் என்று மேடம் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். பெரிய டாக்டரும் சம்மதித்துவிட்டார். தலைவலி எனக்குத்தான்.

மூச்சு என்று சொன்னால் போதும், எல்லோரும் டிவியில் பார்த்த பிராணாயாமத்தை ஆரம்பித்துவிடுவார்கள். கோர்படியிலிருந்து வரும் ராகவன் சார், மூக்கைப் பிடிக்கக் கையைத் தூக்கி, முழங்கையால் சுருளையே இடித்துவிட்டார்.

"சார், அசையக்கூடாதுன்னு எத்தனை தடவைங்க சொல்றது?"

"விடுப்பா. நாளையிலேர்ந்து நான் வரல."

மனைவி போனபின் அவர் சாப்பாட்டைச் சரியாகத் தொடுவதில்லை. மருந்துகள் எல்லாம் தோற்றிருந்தன. இதையும் விட்டால் ஆள் தேறமாட்டார்.

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "மூச்ச இழுக்கச் சொன்னேனா? அது பாட்டுக்கு வருது, போகுது. சும்மா பாருங்க. எரிச்சல் வந்தா அதையும் பாருங்க."

"எரிச்சல்னா இந்தத் தம்பியத்தான் பாக்கணும்."

மறுநாள் வந்தார். சில வாரங்களில், தட்டல் நின்ற ஓர் இடைவெளியில், "பசிக்குது" என்றார். மேடம் தெருமுனைக்கு ஓடி, இரண்டு மாடி ஏறி, வடாபாவோடு வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"காந்தத்தையும் மூச்சையும் ஒண்ணாக் கலக்கினா எதனால குணமாச்சுன்னு எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"தெரியாது தம்பி. தெரிஞ்சுக்கணும்தான். முதல்ல அவர் சாப்பிடட்டும்."

"உங்களுக்கு ஏன் இப்படி இரைக்குது? டாக்டரைப் பாருங்க."

"மாடிப்படிப்பா, வேறென்ன."

மாடிப்படியாம்! ஊராரையெல்லாம் மூச்சைப் பார்க்கச் சொன்னவர். கீழ்த்தளத்திலேயே இசிஜி எடுக்கிறார்கள். எத்தனை முறை சொல்லியும் ஒரு நாள்கூடப் போய்ப் படுக்கவில்லை.

இன்று ராகவன் சாருக்குச் சிகிச்சை. ஸ்டூல் காலியாக இருந்தது. தட்டல் நின்றபோது கேட்டார்: "முடியலன்னு அவங்க சொல்லவே இல்லையா?"

"மாடிப்படின்னாங்க சார்."

அவர் கண்ணீர் காதுவரை வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. தலை இம்மியும் அசையவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன்.

நன்றாகத்தான் பழக்கியிருக்கிறீர்கள், மேடம். என் கோபம் தீரவில்லை. போய் வாருங்கள்.