தண்டச்சோறு

வீரமலையின் கைக்கு இருந்த நிதானம் வாய்க்கு இல்லை. திருச்சியில் ஒரு டிரான்ஸ்பார்மர் பட்டறையில் அவனுக்கு இரும்புத் தகடு அடுக்கும் வேலை. ஊரே விளக்கணைத்துப் படுத்தாலும் டிரான்ஸ்பார்மர் உயிரோடு இருப்பதற்கென்றே கொஞ்சம் கரண்ட்டைத் தின்றுகொண்டிருக்கும். அந்த நஷ்டத்துக்கு வீரமலை வைத்த பெயர் தண்டச்சோறு. இன்ஜினியரே அப்படித்தான் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

1961-ல் அதைக் குறைப்பதே இருவருக்கும் பிழைப்பாயிற்று. இன்ஜினியர் தகட்டின் மூலைவெட்டை மாற்றி வரைந்தார். வீரமலை பிசிறுகளை அரத்தால் தேய்த்து, வார்னிஷ் பூசி, சுத்தியல் படாமல், இடைவெளி விழாமல் அடுக்கினான். மாதக்கணக்கில் மீட்டர் முள் அசைந்து கொடுக்கவில்லை. ஒருநாள் பாதிக்கு இறங்கிக் கொடுத்தது.

அன்று ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி ராசாத்தியிடம் கத்தினான்: "சும்மா இருந்து தின்ன தண்டச்சோத்தைப் பாதியாக் கொறைச்சாச்சு புள்ள! இத்தனை நாளா எவ்வளவு வீணு!"

சுவருக்கும் காதுண்டு என்பார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால், அடுப்படியில், அவன் தங்கை காளியாயி இருந்தாள். புருஷன் செத்ததும் அண்ணன் வீட்டோடு வந்தவள், பிள்ளை கிடையாது. வீட்டு வேலையில் பாதி அவள் தலையில்தான். ஆனாலும் தான் சும்மா இருந்து தின்பதாக அவளுக்கு ஒரு பயம். தாலியறுத்த பெண்ணுக்கு அந்தப் பயத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பாழாய்ப்போன ஊரே சொல்லித்தந்துவிடும்.

அன்றிலிருந்து அவள் பாதிச் சோறுதான் தின்றாள். எல்லோரும் சாப்பிட்டபின் தனியாக உட்காருகிறவள் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ஏன் இளைத்தாய் என்று ராசாத்தி கேட்டதற்கு வெயில் என்றாள்.

ஐப்பசியில் வந்த காய்ச்சலை அந்த உடம்பு தாங்கவில்லை. புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "வீட்ல இவங்களுக்குச் சோறு போடுறீங்களா, இல்லையா?" என்று டாக்டர் கேட்டார்.

வீரமலை கட்டிலருகே வந்து அழுகையும் கோபமுமாகக் கேட்டான்: "யாருடி உனக்குச் சோறு இல்லேன்னது?"

"நீங்கதானேண்ணே அண்ணிகிட்ட சொன்னீங்க, தண்டச்சோத்தைப் பாதியாக் கொறைச்சாச்சுன்னு." அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. "அண்ணிக்கு மனசு வரல. எப்பவும்போலத்தான் வச்சிட்டுப் போனாங்க. அதான் நானே கொறைச்சுக்கிட்டேன்."

"ஐயோ, அது டிரான்ஸ்பார்மர்டி!" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, மறுநாள் காலையில் போய்விட்டாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். சொல்லைக் கொட்டியவன் என்ன செய்வான்?

காரியம் முடிந்து அவன் மறுபடி பட்டறைக்குப் போனான். பக்கத்தில் தகடு அடுக்கிய அழகர்சாமிக்கு விவரம் எதுவும் தெரியாது. "பாதி என்னய்யா பாதி? தண்டச்சோத்தை மொத்தமா நிறுத்திட முடியாதா?" என்று வழக்கம்போலக் கிண்டலாகக் கேட்டான்.

வீரமலை கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தான்.

"அந்தப் பேரை இனிமே சொல்லாதய்யா," என்றான். "சும்மா இருக்குறதுக்கும் சோறு வேணும். இல்லேன்னா அணைஞ்சு போயிடும்."