ராப் ரசிகனுக்குக் கால் வட்டம்

போன வாரம் எங்கள் கம்பெனி பஸ்ஸில் பழைய சினிமாப் பாட்டு ஓடியது.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். எங்களுக்குச் செய்திதான். அந்த பஸ்ஸில் காலை ஷிஃப்டுக்குப் போகும்போது ராப் மட்டும்தான் ஓடும். டிரைவர் அண்ணனுக்கு அது பிடிக்காது. முன் சீட்டு அக்கவுண்ட்ஸ் சாருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் ஓடும். யார் முதலில் ஏறுகிறாரோ அவர் போன்தான் ஸ்பீக்கரோடு சேரும் என்பது பஸ்ஸின் சட்டம். முதல் ஸ்டாப் பாகலூர். அங்கே ஏறுவது நஞ்சேஷ் ஒருவன்தான்.

போன வாரம் நஞ்சேஷ் ஏறவில்லை. பைக்கில் வந்தான். பாகலூரிலிருந்து ஓசூர், அங்கிருந்து நெடுஞ்சாலையில் குந்தாரப்பள்ளி தாண்டி கம்பெனி வரைக்கும்... இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள். அதற்கு நடுவே ஒரு பழைய நூறு சிசி பைக்.

காரணம்? ஒரு கால் வட்டம்.

எங்கள் கடைசி வரிசையை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். நஞ்சேஷ் பிரஸ் ஷாப்பில் மெஷினுக்கு அச்சு மாட்டும் டை செட்டர், வீட்டில் கன்னடம். அருள் அதே ஷாப்பின் லைன் ட்ரெய்னர்; புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பவன். டிப்ளமோ படித்தபோது இருவரும் ஹாஸ்டலில் ஒரே ரூம். ஸ்டெல்லா அசெம்பிளியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயர், மற்ற ஆறு நாளும் ராப். நான் தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியர். லிஸ்ட் இல்லாமல் மளிகைக் கடைக்குக்கூடப் போகாதவள் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமைதோறும் இந்த வரிசையில் ஒரு தேர்தல் நடக்கும். எல்லாக் காலத்துக்குமான சிறந்த ராப் ஆல்பம் எது? பெரிய சண்டை. ஒவ்வொருவருக்கும் ஒரு டாப் ஃபைவ் உண்டு; ஆனால் முதலிடம் மட்டும் முடிவே ஆகாது. ஆல்பங்களுக்கு நாங்கள் அட்டைப் படத்தை வைத்துத்தான் பெயர் சொல்வோம். அருளின் நம்பர் ஒன் ‘கறுப்பு அட்டை’ — அமெரிக்க ஆல்பம், நாங்கள் பிறப்பதற்கு முன்னால் வந்தது. நஞ்சேஷின் நம்பர் ஒன் ‘தகரக்கூரை’ — தமிழ் ஆல்பம். நிஜப் பெயர்களை எழுத மாட்டேன். எழுதினால் இந்தச் சண்டை உங்கள் வீட்டுக்கும் வந்துவிடும்.

நஞ்சேஷ் பைக்குக்கு மாறுவதற்கு முந்தின சனிக்கிழமை அருள் ஒரு சார்ட் பேப்பரோடு ஏறினான்.

“இனிமே வாய்க்கு வந்தபடி ஓட்டுப் போட முடியாது. எல்லாம் முறைப்படி. ஸ்கில் மேட்ரிக்ஸ் போட்டுட்டேன்” என்றான்.

தொழிற்சாலைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு லைனிலும் ஒரு போர்டு தொங்கும். அதில் ஆட்களின் பெயர். எதிரே, ஒவ்வொரு மெஷினுக்கும் நான்காகப் பிரித்த ஒரு வட்டம். கால் வட்டம் கறுப்பாக இருந்தால் கற்றுக்கொண்டிருக்கிறார். அரை என்றால் பக்கத்தில் ஆள் வேண்டும். முக்கால் என்றால் தனியாக ஓட்டுவார். முழு வட்டம் என்றால் மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பார்.

அருளின் சார்ட்டில் மெஷின்களுக்குப் பதில் மொழிகள். தமிழ், கன்னடம், தெலுங்கு. அந்த மொழியில் முக்கால் வட்டமாவது இருந்தால்தான் அந்த மொழி ராப்புக்கு ஓட்டுப் போடலாம். எனக்குக்கூட முதலில் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் ஒருவருக்கு எத்தனை மொழி வரும் என்பதை இப்படி ஒரே பார்வையில் காட்டும் படத்தை நான் பார்த்ததில்லை.

ஸ்டெல்லாதான் முதலில் கவனித்தாள். “என்னாண்ணா இது? நஞ்சேஷ் அண்ணனுக்குத் தமிழ்ல கால்தான் போட்டிருக்கீங்க?”

“அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா? பஸ் போர்டே என்னைக் கேட்டுத்தான் ஏறுவான். வரி புரியாம மார்க் போட்டா எப்படி? தகரக்கூரைக்கு இவன் போட்டுக்கிட்டிருந்த ஓட்டெல்லாம் செல்லாது” என்றான் அருள்.

எல்லாரும் சிரித்தார்கள். நஞ்சேஷும் சிரித்தான். பிறகு போனைப் பார்த்தான். ஓடிக்கொண்டிருந்த ட்ராக்கை நிறுத்தினான். கம்பெனி வரும் வரைக்கும் வேறெதுவும் போடவில்லை.

திங்கட்கிழமை கடைசி வரிசையில் ஜன்னலோர சீட் காலி. ஸ்பீக்கரில் பழைய சினிமாப் பாட்டு. டிரைவர் அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“நாளைக்கு வந்துடுவான்” என்றான் அருள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

கேன்டீனில் நஞ்சேஷைப் பிடித்தேன். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான்.

“பெட்ரோலுக்கே சம்பளம் போயிடும் போலிருக்கே?”

“பைக்ல காத்து நல்லா வருது மேடம்.”

“நஞ்சேஷ்...”

டீ கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“நான் கன்னட மீடியம் மேடம். ஹாஸ்டலுக்கு வந்தப்ப ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டாலே முழிப்பேன். இந்த அருள்தான் ஒரு இயர்போனை என் காதுல வச்சான். தகரக்கூரை. ஒரு வரி ஓடும். நிறுத்துவான். அர்த்தம் சொல்லுவான். திரும்ப ஓடும். மழை பெஞ்சா அந்த வீட்டுக்குள்ள பேச்சே கேக்காது, எல்லாரும் கத்திக் கத்திப் பேசுவாங்கன்னு ஒரு ட்ராக் வருமே... எங்க வீடும் ஷீட் போட்ட வீடுதான். அதைக் கேட்டப்பதான் இந்தத் தமிழ் நம்மளுதுன்னு தோணுச்சு. இப்ப நான் பேசுற தமிழ் மொத்தமும் அங்கேருந்து வந்ததுதான்.”

டீயை ஒரு வாய் குடித்தான்.

“நீங்க க்வாலிட்டி. நீங்களே சொல்லுங்க மேடம். இத்தன வருஷம் கழிச்சும் ஒருத்தன் கால் வட்டத்துலயே நின்னா, ஆடிட்ல யாரைக் கேப்பீங்க? ட்ரெய்னியையா, ட்ரெய்னரையா?”

ட்ரெய்னரைத்தான். சந்தேகமே இல்லை. ஆனால் அவன் கேட்டது ஆடிட் பற்றியா என்ன?

“பஸ்ல எல்லாரும் சிரிச்சீங்க. அது பரவால்ல. அவன் சொன்னானே... ஓட்டு செல்லாதுன்னு. அப்ப நான் அங்க யாரு? வெளியாளா?” என்று எழுந்துவிட்டான்.

அன்று மாலை திரும்பும் பஸ்ஸில் இதை அப்படியே அருளிடம் சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, “நான் விளையாட்டுக்குத்தான் போட்டேன். ஆனா ரூல் ரூல்தானே? புரியாத மொழிக்கு எப்படி மார்க் போடறது?” என்றான். பாதி மனசோடு.

அப்போதுதான் ஸ்டெல்லா பையிலிருந்து அந்த சார்ட் பேப்பரை எடுத்துப் பிரித்தாள்.

“அருள் அண்ணா, இதுல இங்கிலீஷையே காணோமே?”

“அது எதுக்கு?”

“கறுப்பு அட்டை உங்க நம்பர் ஒன். அதுல அவங்க பேசுறது உங்களுக்கு எத்தன வட்டம்?”

“அது... ஸ்லாங் அதிகம். வேகமா வேற போவாங்க...”

“எத்தன வட்டம்ணா?”

முன் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

“கால் இருக்கும்” என்றான் அருள்.

“கால்கூட ஜாஸ்திண்ணா. ரிங்டோன் வச்சிருக்கீங்களே, அந்த வரிக்கு அர்த்தம் கேட்டப்ப போன மாசம் கூகுள்ல தேடுனீங்க.”

“அதுல ஃபீல் இருக்கில்ல ஸ்டெல்லா...”

“அப்ப நஞ்சேஷ் அண்ணனுக்கு மட்டும் ஃபீல் இல்லையா? நான் கொயர்ல லத்தீன்ல பாடுறேன். ஒரு வார்த்தை தெரியாது. ஃபாதர் என்னை வெளிய அனுப்பிட்டாரா?”

அருள் அந்த சார்ட்டை வாங்கி மடித்தான். 

யோசித்துப் பாருங்கள். நமக்குப் பிடித்த பாட்டுக்குள் நாம் யாராவது தேர்வு எழுதிவிட்டா நுழைந்தோம்? யாரோ ஒருவர் இயர்போனில் பாதியைக் கொடுத்தார். நுழைந்துவிட்டோம். அதற்கப்புறம் வாசலில் நின்றுகொண்டு அடுத்தவரிடம் மட்டும் ஐடி கார்டு கேட்கிறோம். ராப் ரசிகர்கள் மட்டுமல்ல... எல்லாருமே. தன்னை யாரோ உள்ளே விட்டதை மறந்துவிடுவதுதான் ரசிகனின் வியாதி.

மறுநாள் காலை அருள் ஓசூரில் ஏறியபோது கையில் ஒரு ஹெல்மெட்.

“பஸ்லயும் ஹெல்மெட்டா? டிரைவர் அண்ணன் மேல அவ்ளோ நம்பிக்கையா?” என்றாள் ஸ்டெல்லா. 

அன்று குந்தாரப்பள்ளியில் சந்தை நாள். மாடுகள், மினி லாரிகள், பேரம் பேசிக்கொண்டே ரோட்டைக் கடப்பவர்கள். வழக்கம்போல பஸ் நின்றுவிட்டது. கார், பைக் எதுவும் நகரவில்லை. சற்று முன்னால், இரண்டு எருதுகளுக்குப் பின்னால், நஞ்சேஷின் பைக் சிக்கியிருந்தது.

அருள் எழுந்தான். “அண்ணே, கதவைத் திறங்க.”

நாங்கள் எல்லோரும் இடது பக்க ஜன்னல்களுக்குத் தாவினோம். அக்கவுண்ட்ஸ் சார் உட்பட.

அருள் மாடுகளுக்கு நடுவே புகுந்து போய், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தான். நஞ்சேஷ் திரும்பிப் பார்த்தான். பஸ் மெல்ல ஊர்ந்து அவர்கள் பக்கத்தில் வந்தது. ஜன்னல் திறந்திருந்ததால் கேட்டது.

“ஏன், பஸ்ல சீட் இல்லையா?”

“ட்ரெய்னிங் பாக்கி இருக்கு மச்சி.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

நஞ்சேஷ் முன்னால் திரும்பிக்கொண்டான். எருதுகள் நகர்ந்தன. பைக் நகரவில்லை. பின்னால் ஹாரன் சத்தம்.

“தகரக்கூரை எத்தனாவது இடம்?” என்றான் முன்னால் பார்த்தபடியே.

“ரெண்டு.”

“இறங்கு மகா.” மகா என்பது கன்னடத்துப் பையன்களின் மச்சி.

“இறங்க மாட்டேன். ஓட்டுப் போட்டு ஜெயி.”

நஞ்சேஷின் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று புரிய எங்களுக்கு ஒரு நொடி ஆனது. பைக் கிளம்பியது. பஸ்ஸுக்குள் ஸ்டெல்லா போட்ட விசிலில் ஒரு மாடு மிரண்டது.

அடுத்த நாள் பாகலூரிலேயே ஸ்பீக்கரோடு போன் சேர்ந்துவிட்டது. டிரைவர் அண்ணன் முகம் பழையபடி வாடியது. கடைசி வரிசையில் கறுப்பு அட்டைக்கும் தகரக்கூரைக்கும் சண்டை, குரல் உயர்ந்து, சூளகிரி வரை கேட்டிருக்கும். முதலிடம் இன்னும் முடிவாகவில்லை.

அந்த சார்ட் பேப்பர் இப்போது பஸ்ஸின் பின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. ஸ்டெல்லா மார்க்கரை எடுத்து எல்லாருடைய எல்லா வட்டங்களையும் முழுதாகக் கறுப்பாக்கிவிட்டாள்.

ஆடிட்டர் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.