டீச்சரின் மூக்குத்தி பக்கம் மாறியது

என்னை இப்போது 'ஐடி ஆன்டி' என்று கூப்பிடுகிறார்கள்.

சிரிக்காதீர்கள். நானே சிரித்து ஓய்ந்துவிட்டேன்.

போன சனிக்கிழமை கிள்ளானில், நாங்கள் ஆரி வேலை கற்றுக்கொள்ளும் மாடி வகுப்பில், ஒரு பெண் தன் போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "ஆன்டி, ஸ்டோரேஜ் ஃபுல்லாயிடுச்சி. கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது. ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் நான். இந்தப் பத்தியைக்கூடத் தாளில் எழுதி, படம் பிடித்துத்தான் அனுப்புகிறேன். பத்திரிகை அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவதி என் கையெழுத்தோடு மல்லுக்கட்டித் தட்டச்சு செய்கிறாள்.

பின்னே இந்தப் பட்டம் எப்படி வந்தது?

ஒரு கறிபாப்பால் வந்தது; உள்ளே உருளைக்கிழங்கு வைத்துப் பொரிப்பார்களே, அந்தப் பலகாரம். விவரமாகச் சொல்கிறேன்.

ஆரி வேலை தெரியுமில்லையா? கல்யாண ரவிக்கையில் கழுத்திலும் கையிலும் மணியும் ஜரிகையுமாக மின்னுமே, அதுதான். துணியை ஒரு சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். சட்டத்துக்கு மேலே ஒரு கை, கொக்கி வைத்த ஊசியைப் பிடித்திருக்கும். கீழே மறு கை, நூலைப் பிடித்திருக்கும். ஊசி துணிக்குள் இறங்கும், நூலை அள்ளும், மேலே வரும். மேல் கை என்ன செய்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கீழ் கை என்ன செய்கிறது என்பது கடவுளுக்கும் டீச்சருக்கும் மட்டும்தான் தெரியும்.

எங்கள் புஷ்பா டீச்சர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பாடம் நடத்தும்போது ஒரு போனை எதிரே ஸ்டாண்டில் வைத்துப் படம் எடுப்பார். பிறகு அதே போனைத் தரையில் மல்லாக்க வைத்து, சட்டத்துக்குக் கீழே நடப்பதையும் எடுப்பார். இரண்டையும் ஒட்டி அன்றைக்கே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார். வீட்டில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? வாயைத் திறந்து "டீச்சர், இன்னொரு தடவை காட்டுங்க" என்று கேட்க எனக்கு வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் என் தொண்டை தானாகப் பூட்டிக்கொள்ளும். வீடியோவிடம் கேட்கக் கூச்சமில்லை. அதுவும் முகம் சுளிப்பதில்லை.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது — மல்லிகாவைத் தவிர.

மல்லிகா பக்கத்து ஊரான மேருவிலிருந்து வருகிறவள். அங்கே ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்த்தாள். அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சேலைக்கடை, ஆரி வேலைக்கு ஒரு நல்ல கை வேண்டும் என்று டீச்சரிடம் கேட்டிருந்தது. டீச்சரும் மல்லிகாவை மனதில் வைத்திருந்தார். ஆனால் செயின் ஸ்டிச் அவளுக்கு வரவே இல்லை. ஆரியில் அதுதான் அ, ஆ. அது வராமல் கடைவாசலைக்கூட மிதிக்க முடியாது.

காரணம் — அவள் இடது கைக்காரி.

டீச்சர் செய்வதைப் பார்த்து அப்படியே இடது கையில் செய்தால் நூல் முறுக்கிக்கொள்ளும். வலது கையில் முயன்றால் ஊசி எகிறும். டீச்சருக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தாள். மேல் கை புரிந்தது. கீழ் கை? அது துணிக்குப் பின்னால்.

போதாததற்கு அவளுக்கு இடப்பக்கம் கமலா அக்கா. கமலா அக்கா ஊசியை இழுக்கும்போது அவருடைய வலது முழங்கையும் மல்லிகாவின் இடது முழங்கையும் 'டக்' என்று இடித்துக்கொள்ளும்.

"ஐயோ மல்லிகா! உன் கையை உன் பக்கத்துல வச்சிக்க லா!"

"சாரிக்கா."

"சாரி சொன்னா போன மணி திரும்பி வருமா? எல்லாம் கொட்டிப்போச்சி பாரு. ஆமா, கல்யாணப் பொண்ணு போடுற ப்ளவுஸ... பீச்சாங்கையாலயா தைக்கப் போற? யாரு வாங்குவா?"

சிலர் சிரித்தார்கள். மல்லிகாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். நானே பல இடங்களில் அதைச் சிரித்திருக்கிறேன்.

அன்று வகுப்பு முடியும்போது டீச்சர் அவளிடம் மெதுவாகத்தான் சொன்னார். "மல்லிகா, கடையில அவசரப்படுறாங்கம்மா. வர்ற சனிக்கிழமை செயின் ஸ்டிச் ஒழுங்கா வரலைன்னா நான் வேற பேர் குடுத்துருவேன். என்னைத் தப்பா நினைக்காதே."

மல்லிகா தலையாட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வீடியோ வந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் கீழேயே இன்னொரு வரி வந்தது. 'மல்லிகா வெளியேறினார்.'

யாரும் ஒன்றும் எழுதவில்லை. நானும்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்கு வேறொரு கவலை இருந்தது. அந்த வீடியோவின் இடது மூலையில் நான் இருந்தேன்! டீச்சர் உயிரைக் கொடுத்து விளக்கிக்கொண்டிருக்கிறார்... பின்னால் நான் ஒரு கறிபாப்பை முழுசாக வாயில் திணித்துக்கொண்டிருக்கிறேன். கன்னம் இரண்டும் பூரி மாதிரி. ஊரே பார்க்குமே!

என்னை அதிலிருந்து வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். என் போனில் வெட்டினால் எல்லார் போனிலும் வெட்டுப்பட்டுவிடும் என்று நினைத்தேன். ஏன், நீங்கள் நினைத்ததே இல்லையா?

பென்சில் மாதிரி ஒரு படம் இருந்தது. அமுக்கினேன். ஏதேதோ வந்தது. அதையும் அமுக்கினேன். திடீரென்று பார்த்தால் மூலையில் நான் இல்லை! அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். அப்புறம் பார்த்தால்... வலது மூலையில் உட்கார்ந்து அதே கறிபாப்பைத் தின்றுகொண்டிருக்கிறேன்.

வெறுத்துப்போய் 'சேவ்' என்று இருந்ததை அமுக்கிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் மல்லிகா ஞாபகம். போன் பண்ணி இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லலாம். சொல்கிற ஆளா நான்? அவள் எண்ணை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன், வைத்தேன். கடைசியில் கேலரியில் முதலாவதாக இருந்த அந்த வீடியோவை அவளுக்கு அனுப்பினேன். கூட ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அவள் குரூப்பை விட்டுப் போய்விட்டாளே, பாடமாவது கையில் இருக்கட்டும் என்றுதான். இரண்டு நீல டிக் விழுந்தது.

சனிக்கிழமை வந்தது. எல்லாரும் உட்கார்ந்து பாதி வேலை ஆனபிறகு மல்லிகா வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தன் சட்டத்துக்குப் போனாள். இடது கையை மேலே வைத்தாள். வலது கையைக் கீழே விட்டாள்.

கமலா அக்கா தன் முழங்கையைச் சுருக்கிக்கொண்டார். வாயையும் ஏதோ சொல்லத் திறந்தார்.

சொல்லவில்லை. ஏனென்றால் மல்லிகாவின் துணியில் செயின் ஸ்டிச் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வளையம், அதிலிருந்து இன்னொரு வளையம், அதிலிருந்து இன்னொன்று... எறும்பு வரிசை மாதிரி.

டீச்சர் பக்கத்தில் வந்து குனிந்தார். "யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

மல்லிகா நிமிர்ந்தாள். "நீங்கதானே டீச்சர். எனக்காக இடது கையால போட்டுக் காட்டுனீங்களே."

"நானா? எனக்கு இடது கையில சோறு அள்ளிப் போடக்கூட வராதே!"

"வீடியோல இருக்கீங்க டீச்சர்!"

போனை நீட்டினாள். எல்லாரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். அதில் டீச்சர் இடது கையால்தான் போட்டுக்கொண்டிருந்தார். அழகாக, வேகமாக. டீச்சர் தன்னையே வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு சட்டென்று மூக்கைத் தொட்டுக்கொண்டார்.

"ஏய்... என் மூக்குத்தி எப்படி அந்தப் பக்கம் போச்சி?"

அப்போதுதான் ஒருத்தி கவனித்தாள், சுவரில் காலண்டர் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. "டீச்சர், யாரோ வீடியோவையே திருப்பிப் போட்டிருக்காங்க! கண்ணாடியில பாக்குற மாதிரி!"

"யாரு மல்லிகா அனுப்புனது?"

மல்லிகா என்னை நோக்கிக் கையைக் காட்டினாள். அத்தனை கண்களும் என் மேல். சட்டத்துக்குக் கீழே புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன், இடம் போதாது. இதற்குள் வீடியோ கொஞ்சம் ஓடி, வலது மூலையில் கறிபாப் வந்துவிட்டது.

"ஆன்டி! நீங்களா செஞ்சீங்க? அவளுக்காகவா?"

'இல்லை, கறிபாப்புக்காக' என்று சொல்ல வேண்டும். தொண்டை பூட்டிக்கொண்டது. தலை மட்டும் ஏதோ ஆடியது. அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதை எத்தனை தடவை போட்டுப் பாத்தேன் தெரியுமா ஆன்டி? பாத்திரம் கழுவுறப்பகூட. டீச்சர், வீடியோல நீங்க ஒரு தடவைகூட என்னைப் பாத்துப் பெருமூச்சு விடல."

"விட்டிருக்கணும் லா. மறந்துட்டேன்" என்றார் டீச்சர். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகுதான் வந்தது வினை. "ஆன்டி, மத்த வீடியோவையும் இப்படியே திருப்பிக் குடுங்க." திருப்புவதாவது! எதை அமுக்கினேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? நானும் டீச்சரும் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமுக்கினோம். ஒரு தடவை டீச்சர் தலைகீழாகத் தொங்கினார். ஒரு தடவை கறுப்பு வெள்ளை ஆனார். ஒரு தடவை ஆமை வேகத்தில் நகர்ந்தார் — "இதுகூட நல்லா இருக்கே, மணி கோக்குறதுக்கு இதை வச்சிக்கலாம்" என்றார். கடைசியில் அகப்பட்டது. இரண்டு முக்கோணம் எதிரும் புதிருமாக நிற்கும் ஒரு சின்னப் படம். அவ்வளவுதான். ஒரு விரல் வேலை.

அதிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் டீச்சர் இரண்டு வீடியோ போடுகிறார். மூக்குத்தி வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

வீட்டுக்கு வந்தபிறகு யோசித்துப் பார்த்தேன். எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதிய பிள்ளைகள் எத்தனை பேர் விரல் முட்டியில் அடி வாங்கினார்கள்! பாடத்தைத் திருப்பிக் காட்டலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளையைத்தான் திருப்பப் பார்த்தோம். இத்தனைக்கும் அப்போது போன்தான் இல்லையே தவிர, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லார் வீட்டிலும் தொங்கியது...

புதுக் கருவி வந்தால் நாம் அதிகமாகப் படிப்போம் என்கிறார்கள். இருக்கலாம். எனக்குத் தெரிந்த வரை அது செய்கிற பெரிய உபகாரம் வேறு — தப்பாக அமுக்கினாலும் அடிக்காது.

சரி, கடை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

டீச்சர் மல்லிகாவைப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அழைத்துப் போனபோது, "ஆன்டி, நீங்களும் கூட வாங்க" என்று அவள் என் கையை விடவில்லை. கடைக்கு மேல்மாடியில் ஒரு நீளமான சட்டம். அதன் முன்னால் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து வலது கையால் வேலை செய்துகொண்டிருந்தாள். கடைக்கார அம்மா மல்லிகாவின் கையைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். "இடது கையா?"

மல்லிகா அந்தப் பெண்ணுக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்து ஊசியை எடுத்தாள்.

கடைக்கார அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். தையலை அல்ல, முழங்கைகளை. மல்லிகாவின் இடது முழங்கை அந்தப் பக்கம் போய் வந்தது. மற்றவளின் வலது முழங்கை இந்தப் பக்கம் போய் வந்தது. நடுவில் சண்டையே இல்லை.

"அட! இங்க ரெண்டு பேரை உக்கார வச்சாலே இடிச்சிக்கிட்டுத்தான் கெடப்பாங்க. இதுக்காகவே ஒருத்தி வேலைய விட்டு நின்னுட்டா" என்றவர், தையலையும் ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தார். "திங்கக்கிழமை வந்துரும்மா."

படியிறங்கும்போது மல்லிகா என்னைவிட மெதுவாக இறங்கினாள். அழுதுகொண்டே இறங்கினால் அப்படித்தான்.

வகுப்பு இன்னும் முடியவில்லை. சனிக்கிழமைகளில் மல்லிகா வருகிறாள். போன சனிக்கிழமை அவள் உட்கார்ந்ததும் கமலா அக்கா எழுந்தார். தன் ஸ்டூலை இழுத்துக்கொண்டு சுற்றிவந்து, அவளுக்கு வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தார். எல்லாரும் பார்த்தோம்.

"என்ன பாக்குறீங்க? இந்தப் பக்கம்தான் லா ஃபேன் காத்து நல்லா வருது" என்றார்.

எங்கள் வகுப்பில் ஒரே ஒரு ஃபேன்தான். அது அவர் முன்பு உட்கார்ந்திருந்த பக்கம் இருக்கிறது.