சுவரில் முளைத்த புதுக் கிளை

துணி ஆலையில் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட யாருக்கும் துணிச்சல் இல்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடாத ஆளும் இல்லை. அடியில் விளக்கு எரியும் சாய்வு மேசை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை அறுந்த இடம், எண்ணெய் பட்ட இடம், அச்சு தள்ளிப்போன இடம் என்று எது கண்ணில் பட்டாலும் சாக்கட்டியால் ஒரு சுழி. நல்ல துணியை நல்ல துணி என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதற்கு அவளுக்குச் சம்பளம் இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். கண்ணுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாதவள். பெண் பார்க்க வந்த ஒருவனிடம், சட்டைக் காலர் கோணலாகத் தைத்திருக்கிறது என்று சொன்னாள், அதோடு அந்தப் பேச்சே முடிந்தது. தூக்கி வளர்த்த தம்பியின் வீட்டுப் பின்னறையில்தான் வாசம். சுண்ணாம்பு அடித்த சுவர், இரும்புக் கட்டில், சேலை மாட்ட ஓர் ஆணி. அவளுக்கு அது போதும்.

தம்பி பெண்டாட்டி வங்கியில் வேலை பார்ப்பவள். நல்ல பெண்தான், அந்தப் பித்துப் பிடிக்கும் வரைக்கும். எங்கோ ஒரு பழைய மாளிகையைச் சுற்றிப் பார்க்கப் போனவள், அங்கே சுவரில் ஒட்டியிருந்த பூவேலைக் காகிதத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு திரும்பினாள். அன்றிலிருந்து அவள் வாயில் இயற்கை, இயற்கை என்று ஒரே பேச்சு. தொட்டிச் செடிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற நேரமில்லாமல் அதைச் சாகடித்த புண்ணியவதி, சுவரெல்லாம் காடு வளர்க்கக் கிளம்பினாள்.

பின்னறையை மட்டும் விட்டுவிட்டு, கூடத்திலும் மற்ற அறைகளிலும் சுவர்களுக்கு மரச்சட்டம் அடித்து, அதற்குள் காகிதம் ஒட்டினார்கள். சுருண்டு ஏறும் கொடி, வெடித்த மாதுளை, நடுவில் கொண்டைக் குருவி. அதே மாதுளை திரைச்சீலையில், அதே குருவி சோபாவில், அதே கொடி தலையணையில். தண்ணீர்க் கேனுக்கும் அந்தத் துணியிலேயே ஒரு பாவாடை. மிச்சத் துணியில் தம்பிக்கு ஒரு சட்டை வேறு. அந்தச் சட்டையோடு அவன் சோபாவில் உட்கார்ந்தால் எது மெத்தை, எது மனுஷன் என்று தடவிப் பார்க்க வேண்டும்.

"இருநூறு வருஷத்துக்கு முந்தின டிசைன் அண்ணி! அந்தக் காலத்து ஆளுங்க ஒவ்வொரு இலையையும் நேர்ல பாத்து வரைஞ்சது," என்றாள் தம்பி பெண்டாட்டி.

"அவங்க பாத்துதான் வரைஞ்சாங்க. ஒட்டினவன் பாத்தானா? அந்த மூலையில பாரு. குருவிக்குத் தலை ஒரு பட்டையில, உடம்பு ஒரு பட்டையில. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல."

தம்பி பெண்டாட்டி போய்ப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. மறுநாளே அந்த மூலைக்கு ஒரு பீரோவை நகர்த்தி வைத்தாள். பூதக்கண்ணாடிக்கு அன்று முழுக்க ஏக சந்தோஷம். அதன்பின் விடிந்தால் ஒரு குற்றம், சாய்ந்தால் ஒரு குற்றம். திரையில் பூ தலைகீழ், மெத்தையில் கொடி கோணல், மாதுளைக்கு இந்தச் சிவப்பா என்று ஓயாமல் வாய் போய்க்கொண்டே இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பிறவி.

அந்த நேரம் பார்த்து, வீட்டு அலங்காரப் பத்திரிகை ஒன்று வீட்டைப் படம் எடுக்க வருவதாகச் சொல்லியனுப்பியது. தம்பி பெண்டாட்டிக்குத் தரையில் கால் பாவவில்லை. மிச்சமிருந்த காகிதச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு பின்னறை வாசலில் நின்று உள்ளே கண்ணை ஓட்டினாள். "இந்த ஒரு ரூம்தான் பாக்கி," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவன் அப்படி உட்கார்ந்தாலே ஏதோ வேண்டாத சங்கதி என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, வேலையிலேர்ந்து ஓய்வு வாங்கினவங்களுக்குன்னு ஒரு விடுதி இருக்காம். நல்ல காத்தோட்டம். உன் வயசுக்காரங்க நிறைய பேர் இருப்பாங்க, பேச்சுத்துணைக்கு."

"இங்க காத்து வரலன்னு உங்கிட்ட யாரு சொன்னது?"

"அதுக்கில்லக்கா. படம் எடுக்கறது எல்லாம் முடியட்டும். அப்புறம் பேசலாம்."

அவன் எழுந்து போனான். இந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. அழுகை வந்தது. ஒரு மாதுளைக் காகிதத்துக்காக அழுவதா என்ற வீம்பில் அதை விழுங்கிவிட்டாள்.

மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு கூடத்துக்கு வந்து நின்றாள். சுவரில் ஒரே செடிதான் திரும்பத் திரும்ப வரும். அதன் கிளைகளெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஜன்னலுக்குப் பக்கத்துச் செடியில் மட்டும் ஒரு கிளை கூடுதலாக இருந்தது. மண் நிறத்தில், லேசாகப் புடைத்து, மரச்சட்டத்திலிருந்து கிளம்பிக் குருவியின் காலுக்குக் கீழே வரை போயிருந்தது. குனிந்து மோந்து பார்த்தாள். ஈர மண் வாசனை. கரையான்.

தம்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே மறித்துச் சொன்னாள். "டேய், சுவத்துல கரையான் ஏறுது. ஜன்னல் பக்கம். விரலால தட்டினா கொட்டிடும், வா காட்டறேன்."

அவன் வந்து பார்க்கவே இல்லை. "போதும்க்கா! குருவியச் சொன்ன, பூவச் சொன்ன, இப்ப கரையானா? விடுதிப் பேச்ச எடுத்தேன்னு ஆத்திரம், அவ்வளவுதானே? அவ எவ்வளவு ஆசையா பண்ணியிருக்கா. உன் கை அந்தச் சுவத்துல படவே கூடாது, சொல்லிட்டேன்."

அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை நாள் சொன்ன சொத்தைக் குற்றமெல்லாம் சேர்ந்து, சொல்ல வேண்டிய ஒரே குற்றத்தைச் செல்லாக்காசு ஆக்கிவிட்டது. அது அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால் கோபம்தான் அதிகமானது.

அதற்குப் பிறகு வாய்க்குப் பூட்டு. ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் கூடத்துக்குப் போய் அந்தக் கிளையைப் பார்ப்பாள். அது குருவியைச் சுற்றிக்கொண்டு, மாதுளையைத் தாண்டி, மேலே இரண்டாகப் பிரிந்து போனது. பட்டைக்குப் பட்டை எங்கும் ஒட்டுத் தெரியவில்லை. "நல்ல வேலை," என்றாள் சுவரைப் பார்த்து. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. "நல்லா சாப்பிடுங்க," என்றும் சொன்னாள்.

படம் எடுக்கும் நாள் வந்தது. அண்ணி அறையை விட்டு வெளியே வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தம்பி மூலமாகத் தகவல் வந்தது. பூதக்கண்ணாடி கதவை ஒரு விரல்கடை திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

பத்திரிகைக்காரப் பெண்மணி ஆகா ஓகோ என்று கூடத்தைச் சுற்றி வந்தாள். சோபாவைப் பார்த்து ஓர் ஆகா, தண்ணீர்க் கேனின் பாவாடைக்கு ஓர் ஓகோ. ஜன்னல் பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இந்தக் கிளை எவ்வளவு தத்ரூபமா இருக்கு! அப்படியே புடைச்சுக்கிட்டு நிக்குதே!"

தம்பி பெண்டாட்டி அந்தக் கிளையை அப்போதுதான் பார்க்கிறாள். ஆனால் தெரியாது என்று சொல்லும் ரகமா அவள்? "அதான் மேடம் பழைய வேலைப்பாடு. மரக்கட்டையில செதுக்கி அச்சு குத்தினது. தொட்டாலே தெரியும், பாருங்க," என்று பெருமையாகத் தடவிக் காட்டினாள்.

விரல் உள்ளே போய்விட்டது. பதறி இழுத்தாள். காகிதப் பட்டை முழுவதும் தொங்கிக் கிழிந்து விழுந்தது. மண் சரசரவென்று சோபாவில் கொட்டியது. பின்னால் இருந்த சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாக ஊர்ந்தது. கூட வந்திருந்த படக்காரர் மட்டும் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே இருந்தார்.

பத்திரிகைக்காரர்கள் போனதும் மருந்து அடிப்பவரைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டத்தைத் தட்டினார், பீரோவை நகர்த்தினார், சிரித்தார். "காகிதம், பசை, மரம். விருந்தே வெச்சிருக்கீங்க சார்! எல்லா ரூமையும் உரிச்சுத்தான் ஆகணும். மருந்து வாசனை போற வரைக்கும் இங்க படுக்க முடியாது." பின்னறைச் சுவரையும் தட்டிப் பார்த்தார். "இது ஒண்ணுதான் சுத்தமா இருக்கு."

சாயங்காலம் தம்பியும் பெண்டாட்டியும் பாய் தலையணையோடு பின்னறை வாசலில் வந்து நின்றார்கள். அழுது வீங்கிய முகத்தோடு தம்பி பெண்டாட்டி மாதுளைத் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த உறையக் கழட்டி வெளிய போட்டுட்டு நீ உள்ள வா," என்றாள் பூதக்கண்ணாடி. அவளும் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிப் போட்டுவிட்டு வந்தாள்.

தம்பி மட்டும் நின்றான். "அக்கா, நீ அன்னைக்கே சொன்ன..."

"ஏதோ விடுதி, நல்ல காத்தோட்டம்னியே. உனக்கு அங்க இடம் கிடைக்குமான்னு கேட்டியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்து, பாயை விரிக்க இடம் தேடினான். கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. ஆணியைப் பார்த்தான். அதில் ஒரு சேலைகூட இல்லை.

"என்னக்கா இது, பெட்டியக் கட்டி வெச்சிருக்கே?"

"படம் எடுத்து முடிச்சதும் பேசலாம்னியே. எடுத்து முடிச்சாச்சு. நீ எப்ப கூப்பிடுவியோன்னு அடுக்கி வெச்சேன்."

அவன் உட்கார்ந்து அவசரமாகக் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

"எடு கைய," என்றாள் அக்கா. "உன் கை அந்தப் பெட்டியில படவே கூடாது."