ஆடு மேய்ந்த குடில் புல்

அண்ணி,

உங்களைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. எனக்கு நீங்கள் அண்ணிதான். ஆனால் ஒரு நாள் அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் நான். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

கடலூர் முதுநகரிலிருந்து எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு வந்தீர்கள். வரும்போது பெட்டியில் ஒரு மாதா படம் இருந்தது. அம்மா ஒரு வருஷம் முணுமுணுத்தாள், பிறகு உங்கள் மீன் குழம்பில் அடங்கிவிட்டாள். நான்தான் அடங்கவில்லை. ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டு கல்யாணத்துக்குக் காத்திருந்தவள். இரண்டு இடம் வந்தது. அண்ணி சர்ச்சுக்குப் போகிறவராமே என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

கார்த்திகை முடியப்போகிறது என்றாலே நீங்கள் தோட்டத்தில்தான் இருப்பீர்கள். வாய்க்கால் ஓரத்துச் சவுக்கில் ஒரு கிளையை ஒடித்து, வாளியில் ஈரமணல் போட்டு நடுவீர்கள். சவுக்குக்காயைச் சுண்ணாம்பில் முக்கிக் காயவைத்து, வாழைநாரில் கட்டி அதில் தொங்கவிடுவீர்கள். தென்னை ஈர்க்கில் நட்சத்திரம். உதிர்ந்த தென்னம்பாளையை அறுத்து வைக்கோல் போட்டால் குழந்தை ஏசுவுக்குத் தொட்டில். அப்புறம் அந்தத் தட்டு. பழைய அலுமினியத் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைத்து, கிறிஸ்துமஸ் அன்றைக்குக் குடிலுக்கு முன்னால் விரல் உயரத்துக்குப் புல் நிற்க வேண்டும் என்று நாள் எண்ணித் தண்ணீர் தெளிப்பீர்கள்.

கடைத்தெருவில் லைட் எரிகிற நட்சத்திரமே விற்கிறதே, எதற்கு இந்தக் குப்பை என்று ஒரு தடவை கேட்டேன்.

"அத வாங்கிட்டா அப்பறம் எனக்கு இன்னா வேல பாப்பா?" என்றீர்கள்.

அந்த வருஷம் ஆருத்ரா தரிசனம் கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் முன்னாலேயே வந்துவிட்டது. மார்கழியில் யாரும் பெண் பார்க்க மாட்டார்கள். ஆனால் தரிசனத்துக்கு வந்தவர்கள் போகிற வழியில் ஒரு வீட்டில் காபி குடிக்கலாம், அதற்குப் பெண் பார்ப்பது என்று பெயர் இல்லை. அப்படி ஒரு பையனின் அம்மாவும் மாமாவும் விருத்தாசலத்திலிருந்து வந்திருப்பதாகவும், மத்தியானம் எட்டிப் பார்ப்பார்கள் என்றும் போன் வந்தது.

நீங்கள் அடுப்பில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தீர்கள், எனக்காக. நான் நட்சத்திரத்தைக் கழற்றினேன். சவுக்குக் கிளையை வாளியோடு தூக்கினேன். தொட்டில், தட்டு, எல்லாவற்றையும் கொல்லையில் ஆட்டுக் கொட்டகைக்குள் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடினேன். நீங்கள் பார்த்தீர்கள். கரண்டி நிற்கவே இல்லை.

வந்தவர்கள் கோயில் கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் காபி கொண்டுவந்தீர்கள். பையனின் அம்மா உங்கள் வெறும் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். இது யார் என்று என்னைத்தான் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"பக்கத்து வூட்டு அக்கா. ஒத்தாசைக்கு வந்தாங்க."

அம்மா தரையைப் பார்த்தாள். நீங்கள் சிரித்தீர்கள், அண்ணி. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் கெளம்புறேன் பெரிம்மா, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்" என்றீர்கள். அத்தை என்று கூப்பிடுகிறவர் பெரிம்மா என்று சொன்னீர்கள். சொல்லிவிட்டு வாசல் வழியாகவே வெளியே போனீர்கள், நிஜமாகவே பக்கத்து வீட்டுக்குப் போகிறவர் மாதிரி.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவர்கள் கிளம்பினார்கள். தேடிக்கொண்டு போனால் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தீர்கள். வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னா சொன்னாங்க? கேசரில சக்கர ஜாஸ்தியாயிடுச்சா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

கொட்டகையில் சாக்கு விலகிக் கிடந்தது. ஆடு கேழ்வரகுப் புல்லை மண் தெரிய மேய்ந்திருந்தது. நட்சத்திரத்தை மிதித்து அதன் இரண்டு முனையை ஒடித்திருந்தது. மறுபடி விதைக்க நாள் இல்லை. நீங்கள் திட்டுவீர்கள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாட்டுக் கொட்டாய்ல பொறந்தவரு பாப்பா. ஆடு தின்னதுக்கா கோச்சிக்கப் போறாரு?"

தட்டைத் தட்டி மண்ணைச் செடிக்குப் போட்டீர்கள். பிறகு குழாயடியில் ரொம்ப நேரம் முகம் கழுவினீர்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் குடிலில் புல் இல்லை, சவுக்குச் சருகைப் பரப்பியிருந்தீர்கள்.

ஜாதகம் சேரவில்லை என்று அந்த இடமும் போய்விட்டது. அதற்கப்புறம் இரண்டு கிறிஸ்துமஸ் உங்களோடு இருந்தேன். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். ஒரு நாள் சொல்லியிருக்கலாம். நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். மஞ்சள் காமாலை. பத்து நாள்கூட ஆகவில்லை. முதுநகர் கல்லறையில் உங்கள் பக்கத்துச் சொந்தக்காரம்மா ஒருவர் என் தோளைத் தொட்டு, நீ அவளுக்கு யாரும்மா என்று கேட்டார். அழுகையில் எனக்குப் பேச்சு வரவில்லை.

"பக்கத்து வூடா?" என்று அவராகவே கேட்டார்.

நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

இந்த வருஷம் நான் கேழ்வரகு விதைத்திருக்கிறேன். ஒரு பக்கம் அடர்த்தியாக, ஒரு பக்கம் சொட்டையாக முளைத்திருக்கிறது. எத்தனை நாளுக்கு முன்னால் விதைக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் தட்டைப் பார்த்தார். ஆட்டைத் தள்ளிக் கட்டியிருக்கிறார். ஒடிந்த நட்சத்திரத்துக்கு இரண்டு ஈர்க்கு சொருகித் தெரு வாசலில் மாட்டினேன்.

உங்கள் ஜெபம் எனக்குத் தெரியாது, அண்ணி. அதனால் இதைப் படிக்கிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். சர்ச்சோ கோயிலோ, நீங்கள் போகிற இடத்தில் அவருக்காக ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணுங்கள். யாருக்காக என்று யாராவது கேட்டால், சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற ஒருத்தியின் அண்ணி என்று சொல்லுங்கள்.