எங்கள் டெரியரும் புகையிலைத் தண்ணீரும்

டெரியர் நாயின் மயிரைக் கத்தரிக்கக் கூடாது, கையால் பிடுங்க வேண்டும். பத்து வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. கடைசியில் அதைக் கத்தரித்தவளும் நான்தான்.

வட்டுக்கோட்டையில் இருக்கும் என் கணவரின் வீடு மிஷன் காலத்து வீடு. அவருடைய ஆட்கள் நாயை வீட்டுக்குள் வைத்து வளர்க்கிறவர்கள், அதற்கென்று தனிக் கோப்பையும் தனித் துவாயும் வைத்திருக்கிறவர்கள். நான் புத்தூரில் புகையிலையும் வெங்காயமும் நட்ட குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டு நாய் வாசல் படலையடியில் கிடக்கும், மிஞ்சிய சோற்றைத் தின்னும், தோட்டத்துக்குள் யாராவது வந்தால் குரைக்கும். அதற்கு இனம் என்று ஒன்று இருப்பதை யாரும் விசாரித்ததில்லை. கலியாணம் முடித்து வந்த காலத்தில் இருந்தே நாய் விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

அவர் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்ற வருடம் கொழும்பில் இருந்து ஒரு குட்டியை ரயிலில் கொண்டுவந்தார். ஃபொக்ஸ் டெரியர். வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு, முகத்தில் மண்ணிறம். தாடி மீசையோடு ஒரு பழைய தலைமையாசிரியரின் முகம். மயிர் தேங்காய்த் தும்பைப் போலச் சொரசொரவென்று இருந்தது. வந்த முதல் கிழமையே என் செவ்வரத்தையின் அடியைத் தோண்டி வேரை வெளியே எடுத்துவிட்டது.

"நிலத்துக்குள்ளை போய் நரி பிடிக்கிறதுக்கு எண்டு உண்டாக்கின சாதி. தோண்டாமல் என்ன செய்யும்?" என்றார் அவர்.

"இஞ்சை எங்கை நரி? என்ரை செவ்வரத்தைக்குக் கீழையோ?" என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நரிக்குப் பதிலாக அது அகழானைப் பிடித்தது. அகழான் என்றால் பூனையே பயப்படும் பெரிய எலி. ஒரு மாரிகாலத்தில் விறகுக் கொட்டிலுக்குள் அதோடு சண்டை பிடித்து, காது கிழிந்து, முகமெல்லாம் இரத்தத்தோடு வந்து நின்றது. ஒரு முனகல் கூட இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு செத்த எலியை என் காலடியில் போட்டது. அவர் காயத்துக்கு மருந்து பூசிக்கொண்டே சொன்னார், "உவன் நோவைக் காட்டமாட்டான். நீர்தான் பாத்துக் கண்டுபிடிக்கவேணும்." என்னமோ நாயைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு வேலை என்று நினைத்தேன்.

வருடத்தில் இரண்டு தரம் மயிர் பிடுங்குவார். விறாந்தையில் ஒரு மேசை போட்டு அதன்மேல் நாயை நிறுத்துவார். விரல்களில் சோக்குத் தூளைத் தேய்த்துக்கொண்டு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நாலைந்து மயிராகப் பிடித்து, வளர்ந்த திசையிலேயே இழுப்பார். செத்த மயிர் கழன்று வரும். அடியில் புது மயிர் கம்பிபோல முளைக்கும். வெயிலும் மழையும் முள்ளும் தோலில் படாமல் காப்பது அதுதானாம். கத்தரித்தால் மயிர் பஞ்சாகிவிடும், தோலுக்குப் பாதுகாப்பு இல்லை. "நோகாதோ?" என்று கேட்டால், "பழக்கினால் நோகாது" என்பார். இரண்டு மூன்று நாட்களுக்கு அந்த வேலை நடக்கும். நாயும் சிலைபோல நிற்கும். எனக்கு அவ்வளவு பொறுமையோடு அவர் தலை வாரிவிட்டதில்லை என்று ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போனது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கதைத்த மனிதர், இப்போது அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சத்தம். நாக்கை மேலண்ணத்தில் தட்டி நாயைக் கூப்பிடும் சத்தம். அதைக் கேட்டால் நாய் எங்கே இருந்தாலும் ஓடிவந்து கட்டிலின் இடப்பக்கம் படுக்கும். அவர் நல்ல கையைக் கீழே தொங்கவிடுவார். நாய் தலையை அந்தக் கைக்குள் கொண்டுபோய் வைக்கும்.

நாய் பக்கத்தில் இருந்தால்தான் சாப்பிடுவார். நான் தீத்தும் கஞ்சி மற்ற நேரங்களில் வாயோரத்தால் வழிந்துவிடும். கை நாயின் தலையில் இருந்தால் விழுங்குவார். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு கோபப்படவும் நேரமில்லாமல் போனது. அந்த மனிதரின் உயிர் அந்த நாயின் தலையில் வந்து நிற்கிறது என்று எனக்கு நன்றாகவே விளங்கியது.

மயிர் பிடுங்க ஆளில்லை. வளர்ந்து சடை பிடித்தது. வைகாசி வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தது. நானும் சோக்குத் தூளைத் தேய்த்துக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். என் கையில் பழக்கமும் இல்லை, பொறுமையும் இல்லை. நாய் திரும்பி உறுமியது. எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தையல் கத்தரிக்கோலை எடுத்து, தோல் தெரிய ஒட்ட வெட்டிவிட்டேன். உரித்த கோழி மாதிரி வந்து அவர் கட்டிலடியில் நின்றது. அவர் தடவிப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை.

அதன் பிறகு உண்ணி. காதுக்குள், விரல்களுக்கு இடையில், கழுத்தைச் சுற்றி. மாதத்துக்கு ஒருமுறை கழுத்தில் விடும் துளி மருந்து முடிந்திருந்தது. அவரைத் தனியே விட்டுவிட்டு யாழ்ப்பாணம் போய் வாங்கி வர எனக்கு வழியில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய்ப் போத்தலில் போட்டுக் களைத்துப் போனேன். ஒரு நாள் அவருடைய படுக்கை விரிப்பில் ஒரு உண்ணி ஊர்ந்தது. அன்று நான் அழுதேன். உடனே புத்தூரில் இருக்கும் என் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

அண்ணை அடுத்த நாள் ஒரு சாக்குப் பையில் காய்ந்த புகையிலைக் காம்போடு வந்தார். "உந்தத் துளி மருந்தெல்லாம் ஏன் பிள்ளை? ஐயா காலத்திலை இருந்து எங்கடை மாட்டுக்கும் நாய்க்கும் இதுதானே" என்றார். நானே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் புகையிலையில் வளர்ந்தவர்கள். புகையிலைத் தண்ணீர் வார்த்தால் உண்ணி சுருண்டு விழும் என்பது எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லாத விஷயம். என் கணவர் ஒருகாலத்தில் "உதை இவனுக்கு வாக்கக்கூடாது" என்று மறித்திருக்கிறார். அதை மிஷன் வீட்டாரின் எடுப்பு என்று ஒதுக்கிவிட்டேன்.

ஐயா ஒரு வாளிக்கு ஒரு பிடி போடுவார். நான் உண்ணியின் மேல் இருந்த ஆத்திரத்தில் மூன்று பிடி போட்டு, ஒரு நாள் முழுக்க ஊறவிட்டேன். ஐயா வார்த்து முடித்ததும் நல்ல தண்ணீரால் கழுவுவார். காயும் வரை நக்காமல் இருக்க வாயைக் கயிற்றால் கட்டுவார். நான் சின்னப்பிள்ளையாக நின்று பார்த்திருக்கிறேன். அந்த இரண்டையும் எப்படி மறந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. வீரியம் ஏற வேண்டும் என்று அப்படியே வெயிலில் கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கிணற்றடியில் நான் வார்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளே அவர் கட்டில் சட்டத்தில் கையால் அடிக்கும் சத்தம் கேட்டது. டக், டக், டக் என்று விடாமல் அடித்தார்.

"பொறுங்கோ, வாறன்" என்று நான் இங்கிருந்தே சத்தம் போட்டேன்.

நிற்கவில்லை. ஈரக் கையோடு போய்ப் பார்த்தேன். விரிப்பு நனையவில்லை. சிறுநீருக்கான சலப் போத்தலை வைத்தேன், தள்ளிவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. கையை ஜன்னல் பக்கம், கிணற்றடிப் பக்கம் நீட்டினார். கண் இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. "நாய் வேணுமோ? காஞ்ச உடனை அவிட்டு விடுறன். ஒரு குளிப்பு வாக்கவும் விடமாட்டியளே" என்று எரிந்து விழுந்துவிட்டுத் திரும்பி வந்தேன். நான் கிணற்றடிக்குப் போன பிறகும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருந்தார்.

நாய் தன் விலாவை நக்கிக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் வாயால் நீர் ஒழுகியது. வெயிலுக்கு என்று நினைத்தேன். தொடை நடுங்கியது. குளித்த குளிருக்கு என்று நினைத்தேன், அந்த வெயிலில். அது ஊளையிட்டிருந்தால், ஒரு முறை அழுதிருந்தால், எனக்கு உறைத்திருக்கும். அப்போது மதிலில் ஒரு அணில் ஓடியது. நாய் காதை நிமிர்த்தி, கட்டியிருந்த கயிறு இழுபட எட்டிப் பாய்ந்தது. பார், நல்லாத்தானே இருக்கிறது என்று நினைத்து முடிப்பதற்குள் பின்னங்கால் மடிந்து விழுந்தது. விழுந்தபடியே அணிலைப் பார்த்தது.

கயிற்றை அவிழ்த்தேன். வாளி வாளியாக நல்ல தண்ணீரை அள்ளி ஊற்றினேன். முந்தின இரவு எங்களோடு தங்கி, காலையில் சந்தைக்குப் போயிருந்த அண்ணை அப்போதுதான் திரும்பி வந்து, தேங்காய்ப்பால் பருக்கச் சொன்னார். பருக்கினேன். அது மூக்கால் வந்தது. அரசாங்க மிருக வைத்தியரின் இடம் சனிக்கிழமை பூட்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர் இருக்கிறா என்று அயலில் சொன்னார்கள். அண்ணையை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டு, நாயைத் துவாயில் சுற்றிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

மானிப்பாய் வரும் வரை மடியில் உதறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு உதறலுக்கும் நான் அதன் வாயை விரித்து நுரையைத் துடைத்தேன். "கெதியா விடு தம்பி, கெதியா விடு" என்று ஓட்டோக்காரரைக் கெஞ்சினேன். கர்த்தரைக் கூப்பிட்டேன். புத்தூரில் சின்ன வயதில் கும்பிட்ட பிள்ளையாரையும் கூப்பிட்டேன். யாராவது ஒருவர் வந்தால் போதும் என்று இருந்தது. என் உயிரில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அது நாயின் மேல் இருந்த அன்பினால் மட்டும் அல்ல, உண்மையைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு கை கட்டிலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும் என்ற பயத்தினாலும்தான்.

டொக்டர் இளம் பெண். மேசையில் கிடத்தின உடனேயே முகர்ந்து பார்த்தா.

"புகையிலையோ அன்ரி?"

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலத்துக்கு மேலை."

ஊசி போட்டா, குழாய் விட்டா, கரி கரைத்துக் கொடுத்தா. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். "மயிர் ஏன் இவ்வளவு ஒட்ட வெட்டினனீங்கள்? மயிர் இருந்திருந்தால் தோலுக்குள்ளை இவ்வளவு இறங்கியிராது" என்று மட்டும் கேட்டா. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. பிழைத்துவிட்டது என்று நினைத்து நான் அதன் தாடியைத் தடவினேன். டொக்டர் என் தோளைத் தொட்டா.

வீட்டுக்குக் கொண்டுவரத் துணிவில்லை. அண்ணையைப் போனில் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரியை அவரோடு விட்டுவிட்டு வந்து, துவாயோடு வாங்கிக்கொண்டுபோய்ப் புத்தூரில் எங்கள் சிவப்பு மண்ணில் புதைத்தார். போகும்போது, "நான் கொண்டந்ததாலைதானே பிள்ளை" என்றார். "நான்தான் மூண்டு பிடி போட்டனான் அண்ணை" என்றேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் பொய் சொன்னேன். "உண்ணிக் காச்சல் எண்டு மறிச்சு வைச்சிருக்கினம். ரெண்டு நாளிலை கூட்டிக்கொண்டு வருவன்." அவர் கேட்டுக்கொண்டு கிடந்தார். அன்று கஞ்சி வாயோரத்தால் வழிந்தது. அடுத்த நாளும் வழிந்தது. கை கீழே தொங்கிக்கொண்டே இருந்தது. நான் எடுத்து நெஞ்சில் வைத்தால் மெல்லத் திரும்பவும் கீழே இறக்குவார். "நாளைக்கு வந்திடும். ஒரு வாய் விழுங்குங்கோ. நான் கும்பிட்டுக் கேக்கிறன்" என்று தட்டை வைத்துக்கொண்டு கெஞ்சினேன். அவர் விழுங்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கஞ்சியைக் கரண்டியில் எடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் திரும்பி வந்ததில் இருந்து அவர் ஒரு தரம் கூட நாக்கைத் தட்டவில்லை. ஒரு நாளைக்கு இருபது தரம் தட்டுகிறவர். நாய் வேறு இடத்தில் இருக்கிறது என்று நம்புகிறவர், மறதியிலாவது ஒரு தரம் கூப்பிட்டிருப்பார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. கிணற்றடியில் இருந்து புகையிலை மணம் ஜன்னலால் உள்ளே போயிருக்கிறது. அதனால்தான் சட்டத்தில் அடித்திருக்கிறார். என்னைத் தடுக்க அந்த மனிதரிடம் இருந்தது ஒரு கை. அந்தக் கையால் தன்னால் முடிந்த அளவு அடித்தார். நான் சலப் போத்தலைக் கொண்டுபோய் வைத்தேன்.

கோப்பையைக் கீழே வைத்தேன். கட்டிலின் இடப்பக்கம், நாய் படுத்துப் படுத்து சீமெந்து மினுங்கிய இடத்தில் நிலத்தில் இருந்தேன். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. தலையைக் கொண்டுபோய் அந்தக் கைக்குக் கீழே வைத்தேன்.

"நான்தான் வாத்தனான். நீங்கள் அடிச்சது எனக்கு விளங்கேல்லை. அவன் இல்லை" என்றேன்.

கை கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு விரல்கள் என் மயிருக்குள் இறங்கித் தேடின. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நாலைந்து மயிரைப் பிடித்து, வளர்ந்த திசையிலேயே இழுத்தார். விட்டுவிட்டு, பக்கத்தில் இன்னும் நாலைந்தைப் பிடித்தார். நோகாது என்று அவர் சொன்னது சரியில்லை, நொந்தது. நான் தலையை எடுக்கவில்லை.